இழவு சொல்லும் தூரம்

ஒரு பெண்ணின் கல்யாணத்தை நான் நிறுத்தியிருக்கிறேன். கோபமோ பகையோ காரணம் இல்லை. நான் எழுதிய ஏழாம் கொப்பியைப் பார்த்து, சரியாகத்தான் இருக்கிறது என்று இரண்டு முறை பார்த்து, சபையில் வாய்விட்டுச் சொல்லி நிறுத்தினேன். பிறகு என்ன நடந்தது என்பதைத்தான் எழுதுகிறேன். யாருடைய பெயரையும் எழுத மாட்டேன். அவர்களுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருப்பார்கள்.

நான் படித்தது தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை. ஆறாம் வகுப்புக்கு ஹட்டனுக்கு நடந்து போக வேண்டும். ஒரு மாதம் நடந்தேன். மழை தொடங்கியதும் விட்டுவிட்டேன். மாவும் அரிசியும் கிடைக்காத வருடங்களில், வீட்டில் ஒரு வாய் குறையட்டும் என்று கிளம்பினேன். நானுஓயா ஸ்டேஷனில் மரக்கறி மூட்டை தூக்கினேன். லொறியில் கிளீனராக இருந்தேன். ஒரு தோட்டத்தில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டினேன். எங்கேயும் எட்டு மாதத்துக்கு மேல் தங்கியதில்லை. பசி ஒரு காரணம். கால் ஓரிடத்தில் நிற்காதது இன்னொரு காரணம்.

எழுபதுகளின் பிற்பாதியில், ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மேசை போட்டு மனு எழுதும் ஒருவரிடம் வந்து சேர்ந்தேன். அப்போது மலை முழுவதும் மனு எழுதிக்கொண்டிருந்தது. இந்தியாவுக்குப் போகிறவர்கள் ஒரு விண்ணப்பப் பாரம், இங்கேயே பிரஜாவுரிமை கேட்கிறவர்கள் ஒரு பாரம். எந்தப் பாரமாக இருந்தாலும் அப்பா யார், அவருடைய அப்பா யார், எந்தத் தோட்டத்தில் பிறந்தார் என்று கேட்கும். மனு எழுதுகிறவருக்கு முழங்கால் வலி. காம்பரா என்கிற ஒற்றை அறைகள் வரிசையாக ஒட்டியிருக்கும் லயங்களுக்குப் போய் விவரம் கேட்டு வருவது என் வேலை. வட்டவளைப் பக்கம், நானுஓயாப் பக்கம், டயகமப் பக்கம் என்று நடந்துகொண்டே இருக்கலாம். எனக்கு ஏற்ற வேலை.

கேட்டதையெல்லாம் ஒரு தடித்த கொப்பியில் எழுதினேன். ஆளுக்கு ஒரு நம்பர். அதற்குப் பக்கத்தில் அப்பாவின் நம்பர், அம்மாவின் நம்பர், கட்டிக்கொண்டவரின் நம்பர். பாரம் நிரப்ப அது போதும்.

ஜனங்களுக்கு அது போதவில்லை. கல்யாணம் பேசும்போது முறை பார்க்க வேண்டும். அப்பாவுடைய அண்ணன் தம்பி பிள்ளைகளும் அம்மாவுடைய அக்கா தங்கை பிள்ளைகளும் நமக்கு அண்ணன் தங்கை, கட்டக் கூடாது. அத்தை பிள்ளையையும் மாமன் பிள்ளையையும் கட்டலாம். இது எல்லோருக்கும் தெரியும். யார் யாருக்கு அத்தை என்பதுதான் தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. அதைத் தெரிந்து வைத்திருந்தவர்கள் இந்தியாவுக்குக் கப்பலேற வாராவாரம் தலைமன்னார் ரயிலில் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் ஒரு லயத்தில் நான் விவரம் எழுதிக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் காம்பராக்காரர் எட்டிப் பார்த்துக் கேட்டார்:

"தம்பி, எல்லாரையும்தான் எழுதுறீங்க. எங்க பயலுக்குக் கீழ்ப்பிரிவுல ஒரு புள்ள பாத்திருக்கோம். அது மொறையா வருமா வராதான்னு பாத்துச் சொல்லுங்களேன்."

பார்த்தேன். நான்கைந்து பக்கம் திருப்பினேன். முறை வந்தது. அவர் வீட்டில் போட்ட தேத்தண்ணி ஆறுவதற்குள் சொல்லிவிட்டேன். அந்தப் பையனுக்கு அந்தப் பெண்ணையே கட்டினார்கள். அதற்குப் பிறகு என் பெயர் போய்விட்டது. கொப்பிக்காரர் என்றால்தான் தெரியும்.

ஒரே தோட்டமாக இருந்தவரை கேள்வி வந்தால் தேத்தண்ணி நேரத்தில் பதில். மூன்று தோட்டமானபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பிடித்தது. ஏழு தோட்டமானபோது காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயும். சாயும்போது, யாரிடமிருந்து தொடங்கினேன் என்பதே மறந்திருக்கும். என் தலையில் ஒரே சமயத்தில் ஐந்தாறு பேர்தான் நிற்பார்கள். ஏழாவது ஆள் உள்ளே வந்தால் முதல் ஆள் வெளியே போய்விடுவார். தேயிலைக் கொட்டைகளைப் பொறுக்கி வந்து, ஆளுக்கு ஒரு கொட்டை என்று பாயில் பரப்பிப் பார்த்தேன். கொஞ்ச நாள் உதவியது. பிறகு பாய் போதவில்லை.

இதற்கெல்லாம் பெரிய காரணம் ஒரு விதி. அதை நானேதான் சேர்த்தேன். மச்சானுக்கு மச்சான் பங்காளி. யோசித்துப் பார்த்தால் சரிதான். என் மச்சானுக்கு இன்னொரு மச்சான் இருந்தால் அவர் எனக்கு அண்ணன் தம்பி மாதிரி. அவர் பிள்ளைகள் எனக்குப் பிள்ளைகள் மாதிரி. ஆனால் இந்த விதியைக் கையில் எடுத்தால் நிற்க இடமில்லை. எல்லோருக்கும் மச்சான் உண்டு. அந்த மச்சானுக்கும் மச்சான் உண்டு. ஒரு வீட்டில் தொடங்கினால் மலையைச் சுற்றிக்கொண்டு அடுத்த மலைக்குப் போய்விடும்.

கேட்கும்போது பார்ப்பதால்தானே இவ்வளவு நேரம் பிடிக்கிறது, எல்லா உறவையும் முன்கூட்டியே கண்டுபிடித்து எழுதிவைத்துவிட்டால் பக்கத்தைத் திறந்து சொல்லிவிடலாமே என்று நினைத்தேன். நல்ல யோசனையாகத் தெரிந்தது. மூன்று மாதம் எழுதினேன். ஜனங்கள் வாயால் சொன்னது இரண்டு கொப்பி. அதிலிருந்து நானாகக் கட்டியது ஒன்பது கொப்பி. எங்கேயாவது ஒரு கல்யாணம் நடந்தால் நாற்பது பக்கங்களில் திருத்த வேண்டியிருந்தது. பதினொரு கொப்பியையும் மாவுச் சாக்கில் போட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தேன். மழையில் நனைந்தால் அடுப்போரத்தில் காயவைத்தேன். ராத்திரி கண்ணை மூடினால் நம்பர்கள் வரிசையில் நின்றன. யாராவது லயத்தில் பிள்ளை பெற்றால் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, எரிச்சல் வந்தது. அந்த அளவுக்குப் போயிருந்தேன்.

இந்த நிலைமையில்தான் வட்டவளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஆள் வந்தது.

அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதுக்கு ஒன்று குறைவு. கொழுந்து பறிக்கிறவள். அம்மா இறந்து இரண்டு வருடம். அண்ணன்மார் ஏற்கெனவே இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். அப்பாவுக்கும் இந்தியப் பத்திரம் வந்துவிட்டது. அடுத்த மாதம் கப்பல். அவளுடைய மனு மட்டும் தனியாகப் போய் இங்கேயே பிரஜாவுரிமை கிடைத்திருந்தது. அப்பா போன பிறகு அந்தக் காம்பராவில் அவள் தனியாக இருக்க வேண்டும். அதற்குள் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்பது அப்பாவின் அவசரம். மாப்பிள்ளை டயகமப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் ஸ்டோரில், தேயிலை காயவைக்கும் அடுப்புக்கு விறகு போடுகிறவர். காமன் கூத்துப் பார்க்க வந்த இடத்தில் இருவரும் பார்த்துக்கொண்டார்கள். இருவருக்கும் பிடித்திருந்தது.

பரிசம் போடும் ஞாயிற்றுக்கிழமை, லயத்து வாசலில் பாய் விரித்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வெற்றிலை, தேங்காய், புடவைத் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணின் தாய்மாமன் நடுவில் இருந்தார். பழைய கங்காணி. அந்தச் சபையில் அவர் சொன்னதுதான் கடைசிச் சொல்.

"கொப்பிக்காரர் வந்திருக்காரு. ஒரு வார்த்த கேட்டுக்கிருவோம். பின்னால ஒரு பேச்சு வரக்கூடாது பாருங்க" என்றார்.

நான் இரண்டு நாள் முன்பே பார்த்து முடித்திருந்தேன். ஏழாம் கொப்பியில் வந்திருந்தது. எழுந்து நின்று சொன்னேன்:

"அண்ணன் மொறங்க."

மாப்பிள்ளையின் அக்காதான் முதலில் வாயைத் திறந்தார்.

"ரெண்டு பஸ் மாறி வந்தது தங்கச்சி வீட்டுல வெத்தல போட்டுட்டுப் போகத்தானா?"

தாய்மாமன் தட்டைத் தன் கையாலேயே எடுத்து அவர்கள் பக்கம் நகர்த்தினார். "ஒங்க மேல குத்தமில்லங்க. தெரிஞ்சபின்னால செஞ்சா அது பாவம். எடுத்துக்கங்க."

அவர்கள் எழுந்து போனார்கள். மாப்பிள்ளை மட்டும் பாதை திரும்பும் இடத்தில் ஒருதரம் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

பெண்ணின் அப்பா பாயிலேயே உட்கார்ந்திருந்தார். என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. "இருவத்தி ஆறு நாள்தான் இருக்கு தம்பி" என்றார். "அதுக்குள்ள இன்னொரு எடம் எங்க பாக்குறது. இவ தனியா என்ன செய்வா?"

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. மழையும் பிடித்துக்கொண்டது. வாசல் திண்ணையான இஸ்தோப்பில் ஒதுங்கி நின்றேன். அந்தப் பெண் ஒரு கோப்பையில் தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினாள். அழுதிருந்த முகமாகத் தெரியவில்லை.

"சீனி போட்டிருக்கேன். குடிக்கலாமா கூடாதான்னு கொப்பில பாத்துட்டுக் குடிங்க."

வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்வது.

"எத்தன வீடு தாண்டி அண்ணன்?"

"ஒம்பது வீடு."

"படிங்க கேப்போம்."

கொப்பியைத் திறந்து படித்தேன். "ஒங்க அம்மாவோட தங்கச்சி, நானுஓயாவுல வாக்கப்பட்டவங்க. அது மொத வீடு. அவங்க வீட்டுக்காரரோட மச்சான், ரெண்டாவது. அந்த மச்சானுக்கு இன்னொரு மச்சான், மூணாவது..."

"நில்லுங்க. சின்னம்மா தெரியும். சித்தப்பாவோட மச்சான், அவரையும் ஒருக்கா பாத்திருக்கேன். அதுக்கு அங்கிட்டு யாரு?"

"அவரு அக்கரப்பத்தனைப் பக்கம்."

"எங்கம்மா செத்தப்ப எழவு சொல்ல ரெண்டு பேரு கெளம்புனாங்க. ஒருத்தர் நானுஓயாவுக்கு, ஒருத்தர் அட்டனுக்கு. அக்கரப்பத்தனைக்கு யாரும் போகல. அங்க யாரு செத்தாலும் எங்களுக்குச் சொன்னதில்ல. நாங்க தல முழுகுனதும் இல்ல." கோப்பையை வாங்கிக்கொண்டாள். "எங்க வீட்டுச் சாவு தெரியாத வீட்டுல இருந்து எனக்கு ஒரு அண்ணன் வர்றாரு. நல்லா இருக்கு. நான் ஒங்களக்கூட அண்ணேன்னுதான் கூப்பிடுறேன். அதையும் எழுதிக்கங்க. கொப்பி இன்னும் ரெண்டு சேரும்."

உள்ளே போய்விட்டாள். நான் மழை விடும்வரை அங்கேயே நின்றேன். என் விதிகளில் தப்பு இல்லை. ஆனால் எங்கே நிறுத்த வேண்டும் என்று ஒரு விதிகூட இல்லை. இது ஏன் மூன்று மாதமாக எனக்குத் தெரியவில்லை என்று யோசித்தேன். குடும்பத்தோடு இருந்திருந்தால் தெரிந்திருக்கும். யாருக்கும் நான் இழவு சொல்லப் போனதில்லை. எனக்கும் யாரும் வந்து சொன்னதில்லை.

மறுநாளே புறப்பட்டேன். அந்த ஒன்பது வீட்டுக்கும் போய், கடைசியாக உங்கள் வீட்டில் சாவு நடந்தபோது யார் யாருக்கு ஆள் அனுப்பினீர்கள் என்று கேட்பது என் திட்டம். பெண்ணின் வாய்ச்சொல்லை மட்டும் வைத்து அந்தத் தாய்மாமனிடம் போக முடியாது.

முதல் வீட்டிலேயே தப்புச் செய்தேன். காலையில் தெரியாத ஒருவன் மூச்சு வாங்க வாசலில் வந்து நின்று, "எழவு விசயமா வந்திருக்கேன்" என்றால் என்ன ஆகும்? சின்னம்மா மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். பக்கத்துக் காம்பராக்களிலிருந்தும் ஓடி வந்து அழுதார்கள். யாரும் சாகவில்லை, சும்மா கேட்க வந்தேன் என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. சின்னம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சும்மா கேக்குற விசயமாய்யா இது?" என்றார். பிறகு ரொட்டி சுட்டுக் கொடுத்தார். அடுத்த வீடுகளில் முதல் வார்த்தையாக "எல்லாரும் நல்லா இருக்காங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கேட்டேன்.

ஐந்து நாள் நடந்தேன். இரண்டாவது வீட்டுக்கும் மூன்றாவது வீட்டுக்கும் நடுவில் இழவுச் செய்தி போனதில்லை. பெண் சொன்னது சரி. ஆறாவது வீட்டுக்கும் ஏழாவது வீட்டுக்கும் நடுவிலும் இல்லை. அந்த இரண்டு வீட்டாரும் ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டதுகூட இல்லை. நான்தான் கொப்பியில் அவர்களைப் பங்காளிகளாக்கி வைத்திருந்தேன்.

திரும்பும் வழியில் நானுஓயா ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து இன்னொரு காரியம் செய்தேன். இதே மாப்பிள்ளையும் பெண்ணும் வேறு ஏதாவது வழியில் வருகிறார்களா என்று பார்த்தேன். வந்தார்கள். பத்து வீடு சுற்றி வந்தால் அவர் அவளுக்கு மாமன் மகன், கட்ட வேண்டிய முறை. ஒரே ஆள், ஒரு வழியில் அண்ணன், இன்னொரு வழியில் முறை மாப்பிள்ளை. கொப்பி இரண்டையும் சொல்லியது. நான் முதலில் கண்ணில் பட்டதைப் படித்துவிட்டு அதோடு மூடிவைத்திருக்கிறேன். உடனே ஏற்கெனவே கல்யாணமானவர்கள் சிலரை எடுத்துப் பார்த்தேன். பாதிப் பேர் அண்ணன் தங்கையாக வந்தார்கள். தூரமாகப் போனால் யாரும் யாருக்கும் என்னவாகவும் வரலாம். இவ்வளவு நாள் இதைத்தான் தோளில் சுமந்திருக்கிறேன் என்று தெரிந்தபோது எனக்கு வெட்கத்தைவிட ஆறுதல்தான் அதிகமாக வந்தது. ஒன்பது கொப்பியை இனிமேல் சுமக்க வேண்டியதில்லை.

தாய்மாமன் வீட்டுக்கு மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். பெண்ணின் அப்பாவையும் கூட அழைத்துக்கொண்டேன். மாமன் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி, அந்தப் பெண்ணுக்கு அத்தை, அடுப்பில் இருந்தார். நடந்ததை முழுவதும் சொன்னேன். அவர் கத்தியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சபையில சொன்னது சொன்னதுதான் தம்பி. கொப்பி ஒரு தடவ ஒண்ணச் சொல்லும், மறு தடவ வேற சொல்லுமா?"

"கொப்பி மாத்திச் சொல்லலங்க. அதுபாட்டுக்கு எல்லாத்தையும் சொல்லுது. ஒங்களப் பத்தியும் சொல்லுது."

"என்னப் பத்தி என்ன?"

ஒன்பதாம் கொப்பியைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். அவருக்கு எழுத்துத் தெரியும். "பதினோரு வீடு சுத்தி வந்தா, நீங்க அத்தைக்கு அண்ணன் மொற."

கத்தி நின்றது. அடுப்பிலிருந்து அத்தை எழுந்து வந்தார்.

"என்னா சொல்றாரு? நாப்பது வருசமா நான் கஞ்சி ஊத்துனது எங்கண்ணனுக்கா?"

பெண்ணின் அப்பா துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

"அதான் ஒரு நாளும் ஒரு பூ வாங்கித் தரல. அண்ணனாச்சே, எப்படித் தருவாரு" என்றார் அத்தை.

"ஏய், போடி உள்ள" என்றார் மாமன். கொப்பியை எடுத்து, விரலை வைத்து ஒவ்வொரு நம்பராகப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். ஐந்தாவது வீட்டில் விரல் நின்றது. "இது யாரு?"

"டயகமயில ஒருத்தர்."

"எனக்குத் தெரியாதே."

"அவருக்கும் ஒங்களத் தெரியாதுங்க. அவரு வீட்டு எழவுக்கு நீங்க போனதில்ல."

"போகல. தெரியாத வீட்டுக்கு எப்படிப் போறது?" கொப்பியை மூடினார். "பதினோரு வீடு. இதெல்லாம் ஒரு ஒறவா?"

"அப்ப ஒம்பது வீடு மட்டும் ஒறவாங்க?" என்றார் பெண்ணின் அப்பா.

மாமன் அவரைப் பார்த்தார், பிறகு கத்தியைப் பார்த்தார். "எழவு சொல்லாத வீடு ஒறவு இல்லதான். எங்கப்பன் காலத்துலயே அப்படித்தான்" என்றார், ஏதோ அவரே முதலில் சொன்னது போல. "டயகமைக்கு ஆள் அனுப்புங்க. இவரையே அனுப்புங்க. கெடுத்தவரு போய்ச் சொல்லட்டும்."

போனேன். மாப்பிள்ளையின் அக்கா வாசலில் மரக்கறி நறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"வாங்க. இன்னைக்கு என்னா மொற? சித்தப்பனா?"

"ஒரு மொறையும் இல்லங்க. ஒட்டும் இல்ல, ஒறவும் இல்ல. தாராளமா கட்டலாம்."

"அதுக்கு ஏன் இத்தன நாளு?"

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஸ்டோர் இருந்த பக்கம் திரும்பித் தம்பியைக் கூப்பிட்டார். மூன்று தடவை கூப்பிட வேண்டியிருந்தது. மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை. வந்தவரின் கை, முகம் எல்லாம் கரி. அக்கா சொன்னதைக் கேட்டுவிட்டு என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அவங்க என்ன சொன்னாங்க?"

"அவங்கதான் மொதல்ல சொன்னாங்க" என்றேன். அவர் முகத்தில் கரிக்கு மேலேயே சிரிப்புத் தெரிந்தது.

அடுத்த வாரமே கல்யாணம். தோட்டத்து மாரியம்மன் கோவிலில் தாலி கட்டினார்கள். லயத்து வாசலில் சாப்பாடு. அப்பாவின் பயணத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அவர் பந்தியில் ஒவ்வொருவரிடமாகப் போய்ப் போட்டுக்கொள்ளுங்கள், போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் கட்டிய ஒன்பது கொப்பிகளைச் சமையல்காரரிடம் கொடுத்துவிட்டேன். அடுப்புப் பற்றவைக்க ஒன்றிரண்டு போயின. மற்றவற்றைக் கிழித்துக் கைப்பிள்ளைகளோடு வந்தவர்களுக்கு வடை மடித்துக் கொடுத்தார்கள். ஜனங்கள் வாயால் சொன்ன இரண்டு கொப்பியை மட்டும் வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகும் யாராவது முறை கேட்டால் பார்த்துச் சொன்னேன். கேட்டபோது மட்டும், இழவு சொல்லும் தூரம் வரை மட்டும். மறுபடியும் தேத்தண்ணி ஆறுவதற்குள் பதில் வந்தது. சில சமயம் எனக்குத் தெரியாது என்றும் சொன்னேன். அதற்கு யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

மணப்பெண் என்னைக் கூப்பிட்டுத் தன் கையால் இன்னொரு கரண்டி சோறு போட்டாள். "சாப்பிடுங்கண்ணே. இதுல எத்தன பருக்கன்னு எண்ணாதீங்க" என்றாள். பக்கத்தில் இருந்த மாப்பிள்ளை இலையைப் பார்த்துச் சிரித்தார்.

சாப்பிட்டுவிட்டு, பூட்டிக் கிடந்த ஒரு காம்பராவின் இஸ்தோப்பில், கொழுந்துச் சாக்கை விரித்துப் படுத்தேன். நடுப்பகல். பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோ தப்பு மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். அப்படியும் தூங்கிவிட்டேன். பல மாதங்களுக்குப் பிறகு, கனவில் யாரும் வரிசையில் வந்து நிற்கவில்லை.